சோதித்துப் பார்க்காத எட்டு

அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். வாசல் காவலாளியில் தொடங்கி கணக்குப் பிரிவு வரைக்கும் அண்ணிதான். துறைத் தலைவரே ஒருமுறை வெளியிலிருந்து வந்த விருந்தாளிகளிடம் "இவங்க நம்ம அண்ணி, கம்ப்யூட்டர் பிரிவு" என்று அறிமுகம் செய்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எல்லாம் கீழ்த்தளத்து லேபில் வேலை பார்க்கும் நாத்தனாரின் உபயம். கணவனின் தங்கை; கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டு மாடியறையில் இருப்பவள். ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே அலுவலகம். அவள் வாய்க்கு வாய் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில் அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

நாத்தனாரின் பெயர் குப்பி. அவளுடைய வெள்ளைக் கோட்டுப் பையில் எந்நேரமும் நாலைந்து கண்ணாடிக் குப்பிகள் கிலுகிலுத்துக்கொண்டிருக்கும். ஒருநாள் அவற்றில் ஒன்று வீட்டுத் துணிகளோடு வாஷிங் மெஷினுக்குள் போய் உடைந்து, அண்ணனின் சட்டைகள் அத்தனையும் இலைப்பச்சையாக வெளியே வந்தன. லிஃப்ட் பழுது பார்க்கப் போகிற மனிதன் ஒரு வாரம் பச்சைச் சட்டையில் போனான். அன்று அவன் வைத்த பெயர்தான் குப்பி. அண்ணியும் குப்பியும் படித்தது ஒரே வேதியியல். ஒருத்தி படித்துவிட்டுக் கண்ணாடி கழுவப் போனாள், இன்னொருத்தி படித்துவிட்டுத் திரையை முறைத்துப் பார்க்கப் போனாள். யாருக்கும் யாரும் சளைத்தவர்கள் இல்லை, வாய்ப்பேச்சில் மட்டும் குப்பி நாலு படி மேலே.

கீழே நடப்பது கண்ணால் பார்க்கிற வேலை. இலையோ பட்டையோ வேரோ, உலர்த்திப் பொடித்து, ஏதாவது திரவத்தில் ஊறவைத்து, உள்ளே இருக்கிற சரக்கை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பார்கள். ஒரு மூட்டை வேரைக் கொட்டினால் கடைசியில் மிஞ்சுவது ஒரு சிட்டிகைத் தூள். எந்த மருந்துக்கும் மசியாமல் ஆஸ்பத்திரிப் படுக்கைகளில் புண்ணோடு புண்ணாக ஒட்டிக்கொள்கிற ஒரு கிருமி இருக்கிறது. அந்தத் தூள் அதைக் கொல்லுமா என்பதுதான் கூடத்தின் கேள்வி. கொல்லுமா என்று சோதிக்க வேறு கட்டடம், வேறு ஆட்கள். கிருமியை வளர்த்துக் கையாளுவது விளையாட்டில்லை என்பதால் அவர்கள் ஒரு தடவைக்குக் கொஞ்சம் சாம்பிள்தான் வாங்கிக்கொள்வார்கள். மற்றதெல்லாம் ஃப்ரீசரில் வரிசை காத்துக் கிடக்கவேண்டும்.

வரிசையில் யாரை முன்னே விடுவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று சொல்வது மாடியில் அண்ணியின் வேலை. ஒரு சேர்மத்தில் எந்த அணு எதனோடு கைகோத்திருக்கிறது, வளையம் எத்தனை, கிளை எங்கே என்பதையெல்லாம் எண்களாக்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பாள். கிருமியைக் கொல்லும் என்று தெரிந்தவற்றை ஒரு பக்கம் காட்டுவாள், உதவாதவற்றை இன்னொரு பக்கம் காட்டுவாள். இரண்டு கூட்டத்தையும் பார்த்துப் பார்த்து அது முகம் பிடித்துக்கொள்ளும். பிறகு முன்பின் பார்க்காத ஒன்றைக் காட்டினால், இது அந்த வீட்டுப் பிள்ளையா இந்த வீட்டுப் பிள்ளையா என்று சாடையைப் பார்த்து மார்க் போடும். பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குள் ஒரு மார்க். இதற்கு அண்ணியின் பிரிவில் மாடல் என்று பெயர். கீழ்த்தளத்தில் ஜோசியம் என்று பெயர்.

ஜோசியத்தில் ஒரே ஒரு சங்கடம் உண்டு. கொல்லுகிறவற்றுக்குப் பஞ்சமில்லை, ஒரு தூள் வேலை செய்தால் கண்டுபிடித்தவர் அதை ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிடுவார். வேலை செய்யாததை யார் சொல்வார்கள்? அது மேசை இழுப்பறையோடு மக்கிப் போகும். ஆனால் கம்ப்யூட்டருக்கு உதவாதவற்றையும் காட்டியாக வேண்டும், இல்லையென்றால் அது பார்ப்பதையெல்லாம் மருந்து என்று சொல்லும். அதனால் இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாரும் சோதித்துப் பார்க்காத சேர்மங்களைக் கொத்தாக அள்ளி, இவையெல்லாம் உதவாதவை என்று வைத்துக்கொள்வது. பெரும்பாலானவை உதவாதவையாகத்தானே இருக்கும் என்பது சமாதானம். எல்லோரும் செய்வதுதான். அண்ணியும் வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்தாள்.

ஆனாலும் அவள் தனக்கென்று ஒரு ஒழுங்கு வைத்திருந்தாள். கூடத்தின் ஃப்ரீசரிலிருந்து எடுத்தால், சோதனை வரிசையில் நிற்கிறவற்றைத் தொடமாட்டாள். யாரோ ஒருவர் நம்பிக்கை வைத்துக் காத்திருக்கிற பொருளை, பார்க்காமலே உதவாது என்று எழுதுவது நியாயமில்லை என்று கூட்டத்திலேயே சொல்லியிருக்கிறாள். அப்போது குப்பி அவளைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள்.

குப்பியின் நம்பிக்கை ஒரு கொடியின் மேல். ரயில் பாதை வேலியில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காமல் படர்ந்து கிடக்கிற கொடி. அதன் முற்றிய வேரில் மட்டும் விசித்திரமாக ஒரு சேர்மக் குடும்பம் இருந்தது. வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கிற, வேறெங்கும் அதிகம் பார்க்க முடியாத உருவம். முதலில் எட்டைப் பிரித்தெடுத்தாள், அக்கா தங்கைகள் மாதிரி எட்டு. அவற்றைச் சோதனை வரிசையில் போட்டுவிட்டு, அவற்றுக்கெல்லாம் கடைக்குட்டியாக ஒன்று இருக்கவேண்டும் என்று ஒன்பதாவதைத் தேடிக்கொண்டிருந்தாள். பாப்பா என்று வீட்டில் கூப்பிடுகிற அண்ணியின் மகளை ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வேலியோரம் போய் வேர் தோண்டுவாள். இரண்டு பேரும் மண்ணோடு வந்து குளியலறையை நாசம் பண்ணுவார்கள். அண்ணி கத்துவாள், அத்தையும் மருமகளும் சேர்ந்து சிரிப்பார்கள்.

அந்த நாள் இப்படி நடந்தது. மதியம் சாப்பாட்டு அறையில் இரண்டு தளத்து ஆட்களும் ஒரே நீள மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவரும் இருந்தார். பேச்சு எப்படியோ மாடலின் பக்கம் போனது. யாரோ ஒருவர், இனிமேல் லேபே வேண்டாம், எல்லாம் அண்ணியே சொல்லிவிடுவார்கள் என்றார். குப்பிக்கு வாய் சும்மா இருக்குமா? "அண்ணி அந்தக் கொடிய தெனமும் மிதிச்சுட்டுத்தான் பஸ் ஏற வர்றாங்க. இதுதான் அதுன்னு ஒரு நாளாவது தெரிஞ்சிருக்குமா? ஸ்க்ரீன்ல வந்தாத்தான் அவங்களுக்கு அது செடி" என்றாள். மேசையே குலுங்கிச் சிரித்தது. தலைவர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். அண்ணியும் சிரித்தாள். சிரிக்காமல் வேறென்ன செய்வது?

மாடிக்கு வந்து உட்கார்ந்த பிறகும் காது சுட்டுக்கொண்டே இருந்தது. உண்மையில் அவளுக்கு அந்தக் கொடி தெரியாதுதான். அதனால்தான் அவ்வளவு சுட்டது. அன்று பிற்பகல் அவள் செய்யவேண்டியிருந்தது புது மாடலுக்கு உதவாதவற்றைப் பொறுக்கிச் சேர்க்கும் வேலை. ஃப்ரீசரில் இருப்பவை திரையில் ஒவ்வொன்றாக வந்தன. வேண்டும், வேண்டாம் என்று தட்டிக்கொண்டே போனாள். குப்பியின் எட்டும் வந்தன. பக்கத்தில் சோதனைக்குக் காத்திருக்கிறது என்ற குறியும் இருந்தது. அவள் வைத்த ஒழுங்குப்படி அவற்றைத் தாண்டிப் போயிருக்கவேண்டும்.

தாண்டவில்லை. எட்டையும் சேர்த்தாள். தட்டிய விரலுக்கு அந்த நொடியில் ஒரு சின்ன இனிப்பு இருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். பெரிய கெடுதல் செய்கிறோம் என்று அவள் நினைக்கவில்லை. ஆயிரக்கணக்கில் போகிற இடத்தில் எட்டு எந்த மூலைக்கு? வெயிலில் நடந்து வந்தவள் செருப்பை உதறுவதுபோல மனத்தை உதறிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். சாயங்காலம் பஸ்ஸில் குப்பியோடு ஒரே இருக்கையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள்.

மாடல் தயாராகி, அதைப் பரீட்சை பண்ணியபோது வந்த பலன் பிரமாதமாக இருந்தது. தலைவருக்கு உச்சி குளிர்ந்தது. இனிமேல் இந்த மாடல் தலையாட்டினால்தான் சோதனை, அது வேண்டாம் என்றால் வேண்டாம், ஃப்ரீசரும் காலியாகும் என்று அறிவித்தார். மற்ற கிளைகளுக்கும் கொடுக்கப் போவதாகச் சொன்னார். அண்ணியின் படம் கூடத்துச் செய்தி மடலில் வந்தது. அதைக் கத்தரித்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியது குப்பிதான்.

அதே சமயத்தில்தான் குப்பியின் ஒன்பதாவது கிடைத்தது. மஞ்சளும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ஒரு நிறம், சுத்தமான தூள். அதன் உருவத்தை வரைந்து மாடிக்கு அவளே எடுத்து வந்தாள். பிரசவ வார்டு வாசலில் நிற்கிற ஆள் மாதிரி அண்ணியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். மாடல் மார்க் போட்டது. பூஜ்யத்தை ஒட்டி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு மார்க். அன்றைக்குப் பார்த்தவற்றிலேயே கடைசி.

என்ன நடந்தது என்று அண்ணிக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ஆயிரத்தில் எட்டு ஒன்றுமில்லைதான், அந்த எட்டின் முகம் மற்றவற்றிலும் இருந்திருந்தால். ஆனால் அந்தச் சாய்ந்த வளைய உருவம் வேறு எதிலும் இல்லை. மாடல் தன் ஆயுளில் அந்த முகத்தைப் பார்த்தது எட்டே எட்டுத் தடவை. எட்டுத் தடவையும் இது உதவாது என்று அண்ணி சொல்லிக்கொடுத்திருந்தாள். ஒன்பதாவது வந்து நின்றபோது அது சொன்னது ஆராய்ந்து சொன்ன பதிலே இல்லை. சாப்பாட்டு மேசையில் அவளுக்கு வந்த கோபத்தை மனப்பாடம் பண்ணி அவளிடமே ஒப்பித்தது.

திரும்பிப் பார்த்து, "இது தப்பு, இரு" என்று சொல்ல அந்த ஒரு நிமிஷம் இருந்தது. குப்பி முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவள் வாதாடவும் இல்லை. மாடலைக் கேலி பேசினவள், ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அண்ணிக்கு வாய் திறக்கச் சுலபமாக இருந்திருக்கும். "நீங்க பண்ணதுன்னா சரியாத்தான் அண்ணி இருக்கும்" என்று சொல்லிவிட்டு, வரைந்த தாளை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. முதல் எட்டுக்கும் மாடல் அதே மார்க்தான் போட்டது; ஒன்பதும் வேண்டாம் என்று தலைவர் முடிவு செய்தார். மாடலின் பேச்சைக் கேட்டு எடுத்த முதல் முடிவு அதுவாக அமைந்தது. கொடி வேலை முடிந்தது, ஃப்ரீசர் தட்டைக் காலி செய்து கொடுங்கள் என்று குப்பியிடம் சொன்னார். வேறொரு நகரத்துக் கிளையில், இருமல் மருந்து சரியான அளவில் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற பிரிவில் ஆள் தேவைப்பட்டது. போகிறீர்களா என்று கேட்டார். முன்பு இரண்டு முறை மறுத்தவள் இந்த முறை சரி என்றாள். வீட்டில் பாப்பா அழுது ஆர்ப்பாட்டம் பண்ணினாள். அண்ணன் தங்கையின் பழைய பெட்டிக்குச் சக்கரம் மாற்றிக் கொடுத்தான்.

அண்ணிக்கு நெஞ்சு குறுகுறுத்தது என்று சொன்னால் போதாது. குளியலறை மண் இல்லாமல் சுத்தமாக இருந்தது, அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. நாளைக்குச் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை ஆற அமரச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். சொன்னால் மாடல் ஓட்டை என்று தெரிந்துவிடும். தலைவரின் முன்னால், மற்றக் கிளைகளின் முன்னால் தலைகுனியவேண்டும். அதுகூடப் பரவாயில்லை. ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? அவளுக்கே அது நிச்சயமாகத் தெரியவில்லை என்று சில சமயம் தன்னிடம் வாதாடிப் பார்த்தாள். பழக்கத்தில் விரல் தட்டியிருக்கலாம், குறியைக் கவனிக்காமல் இருந்திருக்கலாம் என்று. அந்த இனிப்பு மட்டும் நினைவுக்கு வந்து வாதத்தைக் கெடுத்துவிடும்.

இது போதாதென்று குப்பி வேறு ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டாள். அன்றைக்கு எல்லார் முன்னாலும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, வாய்க் கொழுப்பு, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். அண்ணி, "அதெல்லாம் நான் அப்பவே மறந்துட்டேன்" என்றாள். சொன்ன மறுநிமிஷம் தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. கையில் இருந்த தலையணை உறையை நாலு முறை மடித்து நாலு முறை பிரித்தாள்.

கடைசியில் கணவனிடம் பாதியைச் சொன்னாள். சேர்க்கக் கூடாததைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டேன், அதனால் மார்க் தப்பாக வந்திருக்கிறது என்றாள். கோபத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவன் தட்டிலிருந்து கையை எடுக்காமல் கேட்டான். "லிஃப்ட்ல ஒரு ஒயர மாத்தி மாட்டிட்டோம்னு தெரிஞ்சா நான் மொதல்ல லிஃப்ட நிறுத்துவேன். எந்த ஒயருன்னு அப்புறம்தான் தேடுவேன். நீ நிறுத்திட்டியா?" என்றான். அவள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

மறுநாள் அவள் அந்த எட்டையும் எடுத்துவிட்டு மாடலை மறுபடி பழக்கினாள். ஒன்பதாவது தூளுக்கு மகத்தான மார்க் வந்துவிடும், அதைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. அப்படி வரவில்லை. நட்ட நடுவில் ஒரு மார்க் வந்தது. இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை, எனக்குத் தெரியாது என்று மாடல் கையை விரித்தது. நடுவில் வருகிறவற்றைச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்துச் சோதனைக்கு அனுப்புவதுதான் கூடத்தின் வழக்கம். குப்பிக்குச் சேரவேண்டியிருந்தது அந்த ஒரு சோதனைதான். வெற்றியோ தோல்வியோ பிறகு பார்த்துக்கொண்டிருப்பாள்.

அண்ணி தலைவரின் அறைக்குப் போனாள். வரிசையில் நின்ற சில சாம்பிள்கள் கை தவறி உதவாதவற்றோடு கலந்துவிட்டன என்று நன்றாகப் பூசி மெழுகிச் சொன்னாள். தலைவர் கோபப்படவே இல்லை. எல்லா இடத்திலும் நடப்பதுதான், திருத்திவிட்டீர்களே, அப்புறம் என்ன, அந்தத் தூளைச் சோதனைக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். இவ்வளவு சுலபமா என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது. கோபத்தைப் பற்றி யாருக்கும் சொல்லாமலே எல்லாம் சரியாகப் போகிறது. குப்பி ஊர் மாறிப் போக வேண்டாம், பாப்பா அழ வேண்டாம். படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள்.

குப்பி கழுவுதொட்டி அருகே நின்று கை துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உலர்த்தும் சட்டத்தில் ஒன்பது குப்பிகள் தலைகீழாகக் கவிழ்ந்திருந்தன. பளிச்சென்று இருந்தன. இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வரப்போகிறவருக்குத் தட்டு வேண்டும் என்று காலையில் மறுபடி கேட்டார்கள், அதுதான் ஒன்பதையும் கொட்டிக் கழுவிவிட்டேன் என்றாள் குப்பி. பதிவுக்கென்று துளி எடுத்து வைத்திருக்கிறாளாம். அது சோதனைக்குக் காணாது. மறுபடி எடுக்கவேண்டுமென்றால் வேர் முற்றவேண்டும், மூட்டைக்கணக்கில் தோண்டவேண்டும், ஒரு வருஷத்துக்குக் குறையாமல் ஒருத்தர் அதிலேயே கிடக்கவேண்டும். அண்ணி தட்டுத் தடுமாறி, மார்க் தப்பு, கை தவறிப் போச்சு, தலைவர் சோதனைக்குச் சம்மதித்துவிட்டார் என்று சொன்னாள். குப்பி சட்டத்தைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். பிறகு, பரவாயில்லை, எனக்காகப் போய் அவர் முன்னால் நின்றீர்களே, அதுவே போதும் என்றாள். இருமல் மருந்துக் கிளைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று, மாற்ற முடியாது என்றும் சொன்னாள்.

அந்த வாரக் கூட்டத்தில் தலைவர் அண்ணியை எழுந்து நிற்கச் சொன்னார். தன் வேலையில் வந்த பிழையைத் தானே கண்டுபிடித்துத் தானே வந்து சொல்கிற மனசு எத்தனை பேருக்கு இருக்கும் என்று பாராட்டினார். திருத்திய மாடல் முன்பைவிட நம்பகமாக இருக்கிறது, இதுதான் இந்தக் கூடத்தின் நேர்மை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். முதலில் தட்டத் தொடங்கியது யார் என்று அண்ணி திரும்பிப் பார்த்தாள். குப்பிதான், கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தாள்.

திட்டு வாங்கியிருந்தால் அண்ணி ஒருவேளை கடைசிவரை மென்று முழுங்கியிருப்பாள். அந்தக் கைதட்டலை முழுங்க முடியவில்லை. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி, மருந்துக்கடையையும் தையல்கடையையும் தாண்டி, வீட்டுக்குத் திரும்புகிற சந்தில் ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் நின்றுவிட்டாள். இரண்டடி முன்னால் போன குப்பி திரும்பி, செருப்பு அறுந்துவிட்டதா என்று கேட்டாள்.

"அது கை தவறினது இல்ல" என்றாள் அண்ணி.

"எது?"

"அந்த எட்டு. உன்னோடதுன்னு தெரியும். வரிசையில நிக்குதுன்னும் தெரியும். தெரிஞ்சுதான் சேத்தேன். அன்னைக்கு மேசையில நீ என்னச் சொன்னல்ல, எல்லாரும் சிரிச்சாங்கல்ல, அந்தக் கோபம். சேக்கும்போது எனக்கு நல்லாவே இருந்துச்சு. இவ்ளோ தூரம் போகும்னு நெனைக்கல. ஆனா போனப்புறமும் நான் சொல்லல."

குப்பி பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்தது. இருவரும் சுவரோரம் ஒதுங்கி அதைப் போகவிட்டார்கள். குப்பியின் குரல் உயரவில்லை. அந்த எட்டை எடுத்துவிட்டால் கடைசித் தூளுக்கு என்ன மார்க் வருகிறது என்று கேட்டாள்.

"நடுவுல. தெரியலங்குது" என்றாள் அண்ணி.

"தெரியலங்கறது எனக்கு என்ன புதுசா அண்ணி? அந்தக் கொடியோட இருந்த காலம் பூரா எனக்குத் தெரியாமத்தான் இருந்துச்சு. தெரியாமத்தான் தெனமும் போய் வேர இடிச்சேன். அதோட இருக்க எனக்குக் கஷ்டமே இல்ல. இல்லவே இல்லைன்னு நீங்க சொன்னீங்க, அதான் கழுவிட்டேன்."

மாடல் என்று சொல்லவில்லை, நீங்க என்றுதான் சொன்னாள். அண்ணி திட்டுக்குத் தயாராக இருந்தாள், அழுகைக்குத் தயாராக இருந்தாள், மன்னிப்புக் கேட்க வார்த்தைகளை பஸ்ஸிலேயே கோத்து வைத்திருந்தாள். கையை நீட்டி அவள் தோளைத் தொடப் போனாள். குப்பி விலகவில்லை, நெருங்கவும் இல்லை. போகலாம், பாப்பா வந்திருப்பாள் என்றாள்.

தெரு முனையிலிருந்தே மாடி ஜன்னலில் பாப்பாவின் தலை தெரிந்தது. அத்தையைப் பார்த்ததும் அது மறைந்தது. படியில் தடதடவென்று இறங்கி வரும் சத்தம் கேட்டது. குப்பி கேட்டின் கொண்டியில் கைவைத்து, திறக்காமல் ஒரு நிமிஷம் நின்றாள்.

"நான் ஏன் போறேன்னு பாப்பா கேட்டா, மெஷின் சொல்லிச்சுன்னே இருக்கட்டும் அண்ணி" என்றாள்.